கொள்ளைக்காரனுக்குக் கும்பிடு, கூலிக்காரிக்குச் சந்தேகம்

பங்குனி உத்திரத்துக்கு முந்தைய இரவு, சீர்காழியை அடுத்த திருநகரிப் பக்கம் போனால் ஒரு வழிப்பறியை நேரில் பார்க்கலாம். கல்யாணக் கோலத்தில், மேனியெல்லாம் நகை பூட்டிக்கொண்டு, வயலாலி மணவாளப் பெருமாள் எழுந்தருளி வருகிறார். திருமணங்கொல்லையில், நடுநிசியில், தீவட்டிகள் சூழக் குதிரை வாகனத்தில் பாய்ந்து வந்து வழிமறிக்கிறார் திருமங்கை மன்னன். பெருமாளிடமே கொள்ளை. கூடியிருக்கும் சனம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. இந்த உற்சவத்துக்கு வேடுபறி என்று பெயர். ஸ்ரீரங்கத்திலும் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி இது நடக்கிறது; மணல்வெளியில் குதிரை வாகனம் முன்னும் பின்னும் ஓடுவதைப் பார்க்கவே கூட்டம் அலைமோதும். காவிரி டெல்டாவின் தலைமாட்டில் ஒன்று, கடலோரத்தில் ஒன்று என்று, ஒரே கொள்ளையை ஆண்டுதோறும் இரண்டு இடத்தில் கொண்டாடுகிறோம்.

கதை பலருக்கும் தெரியும். திருக்குறையலூரில் பிறந்த நீலன்தான் இந்தத் திருமங்கை மன்னன்; சோழனிடம் படைத்தலைவனாக இருந்து ஆலிநாட்டுக்கு மன்னன் ஆனவன். குமுதவல்லியை மணக்க விரும்பினான். நாள்தோறும் 1008 அடியார்களுக்கு ஓராண்டு அன்னமிட வேண்டும் என்று அவள் நிபந்தனை வைத்தாள். பந்தி நடந்தது, கைப்பொருள் கரைந்தது. சோழனுக்குக் கட்ட வேண்டிய கப்பமும் அதிலேயே கரைந்தது. அதன் பிறகு வழிப்பறியில் இறங்கினான். மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த பெருமாளின் கால் மோதிரத்தைக்கூடப் பல்லால் கடித்துக் கழற்றினான். கட்டிய மூட்டையை மட்டும் தூக்க முடியவில்லை. என்ன மந்திரம் போட்டாய் என்று மிரட்டியவனுக்கு எட்டெழுத்து மந்திரம் உபதேசமாகக் கிடைத்தது. வழிப்பறிக்காரன் ஆழ்வார் ஆனார். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாசுரங்கள் அவருடையவை.

சைவத்திலும் இப்படி ஒருவர் உண்டு: மூர்க்க நாயனார். திருவேற்காட்டில் பிறந்து, அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தைக் கரைத்தவர். கையில் ஒன்றும் இல்லை என்றானதும் சூதாட்டத்தில் இறங்கினார். சொந்த ஊரில் இவரோடு ஆட யாரும் முன்வராத நிலை வரவே, ஊர் ஊராகச் சுற்றிக் கும்பகோணத்துக்கு வந்து சேர்ந்தார். தோற்றுவிட்டுப் பணம் தர மறுத்தவரை உடைவாளால் குத்தினார். மூர்க்கர் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. ஜெயித்த பொருளைத் தன் கையால் தொடாமல் சமையல்காரர்களிடம் சேர்ப்பித்தார். அடியார்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு கடைப்பந்தியில் உட்கார்ந்தார். 63 நாயன்மார்களில் ஒருவராகச் சிவன் கோயில் பிராகாரங்களில் இன்றைக்கும் நிற்கிறார்.

இதே டெல்டாவில், சந்தைக் கூட்டத்தில் பர்ஸ் அடித்து மாட்டிக்கொள்ளும் பையனைக் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிறார்கள். இதே டெல்டாவின் டீக்கடைகளில், ‘ரேஷன்ல அரிசியச் சும்மா குடுத்து, நூறு நாள் வேலையும் குடுத்து, சனத்தையே சோம்பேறியாக்கிட்டாங்க’ என்று தினமும் பேசுகிறார்கள். கொள்ளையடித்துச் சோறு போட்டவரைக் கும்பிடுகிறோம். சட்டப்படி சோறு வாங்குபவரைச் சந்தேகப்படுகிறோம். இரண்டுக்கும் ஒட்டே இல்லை என்று தோன்றும். ஆனால் கடந்த 40 ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை என்று தெரிகிறது. மனிதர்களுக்கே உரிய நியாய உணர்ச்சிதான் அந்த வேர்.

பங்கு கேட்கும் மூளை

ஒரு விளையாட்டு. உங்களுக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் சேர்த்து 100 ரூபாய் தருகிறார்கள். எப்படிப் பங்கு பிரிப்பது என்று அவர் சொல்வார். நீங்கள் சரி என்றால் இருவருக்கும் பணம். முடியாது என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அவர் தனக்கு 90 வைத்துக்கொண்டு உங்களுக்கு 10 தருகிறேன் என்கிறார். கணக்குப்படி பார்த்தால் 10 ரூபாய் லாபம், வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். 1982ல் ஜெர்மன் பொருளாதார அறிஞர் வெர்னர் கியூத்தும் சகாக்களும் இந்தச் சோதனையைத் தொடங்கிவைத்தார்கள். அன்று முதல் உலகம் முழுக்கப் பல நாடுகளில் நடத்திப் பார்த்தாயிற்று. பங்கு மிகவும் குறைந்தால் பெரும்பாலான சமூகங்களில் கணிசமானவர்கள் மறுத்துவிடுகிறார்கள். எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உனக்கும் கிடைக்கக் கூடாது என்கிறார்கள். அநியாயப் பங்கு கேட்டவரைத் தண்டிக்கக் கைக்காசை இழக்கவும் மனிதர்கள் தயார்.

அடுத்த சோதனை 2002ல் வந்தது. சுவிட்சர்லாந்தில் எர்ன்ஸ்ட் ஃபேர், சைமன் கெஹ்டர் இருவரும் ஆட்களைக் குழுவாக உட்காரவைத்து ஒரு பொது நிதியை உருவாக்கினார்கள். எல்லாரும் பணம் போட்டால் நிதி பெருகி எல்லாருக்கும் கூடுதலாகத் திரும்பும். போடாமல் இருப்பவருக்கோ அடுத்தவர் போட்டதிலும் பங்கு கிடைக்கும். நம் ஊரில் வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று முடிவானபின், வராமலே தண்ணீர் பாய்ச்சிக்கொள்பவரைப் போல. அப்படி ஏமாற்றியவர்களுக்கு அபராதம் விதிக்கலாம், ஆனால் அதற்கு உங்கள் சொந்தப் பணமும் செலவாகும் என்று விதி. திரும்ப அவரை எப்போதும் சந்திக்கப்போவதில்லை என்று தெரிந்தும், மிகப் பலர் செலவழித்துத் தண்டித்தார்கள். 2004ல் சூரிச்சில் இதே போன்ற விளையாட்டை மூளையைப் படம் பிடித்தபடி நடத்தினார்கள். ஏமாற்றியவரைத் தண்டிக்கும்போது, நமக்கு ஏதாவது பரிசு கிடைத்தால் விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதியே விழித்துக்கொண்டது. தண்டிப்பதில் மூளைக்கு ஓர் இன்பம் இருக்கிறது.

ஆக, நம் உள்ளே இரண்டு கோபங்கள் குடியிருக்கின்றன. உழைப்புக்கு மேல் வாரிக்கொள்கிறவன் மேல் ஒன்று. உழைக்காமல் பங்குக்கு வருகிறவன் மேல் மற்றொன்று. இரண்டும் ஒரே குணத்தின் இரு கைகள். முதல் கோபத்தைத் தீர்த்துவைப்பவன் கொள்ளைக்காரனாக இருந்தாலும் வீரனாகிறான். இரண்டாவது கோபத்தில் மாட்டுகிறவர் பாவப்பட்டவராக இருந்தாலும் சோம்பேறி ஆகிறார்.

எல்லாக் கொள்ளையரும் வீரர் ஆவதில்லை

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம், 1959லும் 1969லும் எழுதிய இரண்டு நூல்களில், ஊர் போற்றும் கொள்ளையர்களை நாடு நாடாகத் தேடிப் பார்த்தார். ராபின் ஹூட் முதல் சீனத்து மலைக் கொள்ளையர் வரை கதையின் எலும்புக்கூடு ஒன்றாகவே இருந்தது. அநியாயத்துக்கு ஆளாகித்தான் அவன் இந்த வழிக்கு வருவான். இருப்பவனிடம் எடுப்பான், இல்லாதவனுக்குக் கொடுப்பான். தேவையில்லாமல் கொல்ல மாட்டான். சொந்த ஊர் அவனை விட்டுக்கொடுக்காது; யாராவது காட்டிக்கொடுத்தால்தான் சாவான்.

நம் திருமங்கை மன்னனையும் மூர்க்க நாயனாரையும் இதோடு ஒட்டிப் பாருங்கள். எடுத்தது தனக்காக இல்லை. போட்டது சோறு. நெல் விளையும் நாட்டில் அதைவிடப் பெரிய தர்மம் கிடையாது. தான் தொடவில்லை, கடைசியில் சாப்பிட்டார் என்ற சின்ன விவரம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆசையால் செய்யவில்லை என்பதற்கு அது சாட்சி. நம் மனம் செயலைப் பார்ப்பதற்கு முன் நோக்கத்தைப் பார்க்கிறது. நோக்கம் சுத்தம் என்று தீர்மானித்துவிட்டால் செயலுக்கு மன்னிப்பு தானாக வந்துவிடும்.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. மாப்பிள்ளைப் பெருமாளுக்கு முன்னால் அதே வழியில் பறிகொடுத்த வழிப்போக்கர்கள் யார்? அவர்களில் மகள் கல்யாணத்துக்கு நகை கொண்டுபோனவர் இருந்தாரா? கதையில் அவர்களுக்கு முகமே இல்லை. முகம் தெரிந்த ஒருவருக்காக இளகும் மனம், முகம் தெரியாத நூறு பேருக்காக அவ்வளவு இளகாது என்பதைச் சில உளவியல் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கொள்ளையனுக்குக் கதையில் பெயர் உண்டு, பெண்டாட்டி உண்டு, கண்ணீர் உண்டு. பறிகொடுத்தவர்கள் வெறும் கூட்டம். பக்தி இலக்கியத்தில் இதைக் கேட்பது பொருந்தாது. அங்கே கதையின் பொருள் வேறு. ஆனால் நிஜ மனிதர்களின் விஷயத்தில் கேட்டே ஆக வேண்டும்.

வீரப்பன் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டு போய் 108 நாள் காட்டில் வைத்திருந்தபோது, அவன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று காவிரி இடைக்காலத் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டும் என்பது. தண்ணீருக்காக வாய்க்கால் வரப்பில் காத்துக்கிடந்த டெல்டாவுக்கு அந்தக் குரல் எப்படிக் கேட்டிருக்கும்? நமக்காக ஒருத்தன் கேட்கிறான் என்று நெஞ்சு நிமிர்ந்தவர்கள் அன்றைக்கு இருந்தார்கள். 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட அவனைக் காவிரிக் கரையில், மேட்டூரை அடுத்த மூலக்காட்டில் புதைத்தார்கள். இன்றும் அங்கே ஆட்கள் வந்து போகிறார்கள்.

ஆனால் அவன் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட கொலைகள் சுமத்தப்பட்டன. போலீசுக்குத் துப்புச் சொன்னார்கள் என்ற சந்தேகத்தில் அவன் கொன்றவர்கள் பலர் அதே மலைக்கிராமங்களின் ஏழைகள். அவனைத் தேடுகிறோம் என்று போன அதிரடிப்படையிடம் சித்திரவதைப்பட்டவர்களும் அதே ஏழைகள். தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு முன்பு வந்து சாட்சி சொன்னவர்கள் அவர்கள்தான். டச்சு மானுடவியலாளர் ஆன்டன் பிளாக் 1972லேயே ஹாப்ஸ்பாமுக்கு இதைத்தான் மறுப்பாகச் சொன்னார்: கொள்ளைக்காரன் நெடுநாள் பிழைத்திருக்க வேண்டுமானால் அவனுக்குப் பெரிய மனிதர்களின் ஆதரவு வேண்டும், ஆகவே கடைசியில் அவன் கை ஓங்குவது ஏழையின் மேல்தான். சிசிலித் தீவில் அவர் கண்டது அது. கொள்ளையனை யார் போற்றுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் தூரத்தில் இருப்பவர்கள். இடத்தால் தூரம், காலத்தால் தூரம். பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் பேசுவது வேறு கதை.

களத்துமேட்டில் தோற்ற நியாயம்

கொள்ளையனைப் போற்றுவது வெறும் மன மயக்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. வரலாற்றாசிரியர் டேவிட் அர்னால்டு பழைய சென்னை மாகாணத்தின் குற்றப் பதிவுகளைத் தானிய விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். விலை ஏறியபோதெல்லாம் கூட்டுக்கொள்ளை கூடியது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் அது உச்சம் தொட்டது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918ல், பர்மா அரிசி வரத்து குறைந்து விலை தாறுமாறாக ஏறியபோது, மாகாணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டன. பல இடங்களில் கூட்டம் எடுத்த எடுப்பில் கொள்ளையடிக்கவில்லை. பழைய விலைக்குக் கொடு என்று முதலில் கேட்டது. மறுத்த பிறகுதான் மூட்டைகள் தெருவுக்கு வந்தன. பசித்தவன் மனதிலும் நியாய விலை என்று ஒரு கோடு இருந்திருக்கிறது. அந்தக் கோட்டைத் தாண்டியவன் வியாபாரிதான் என்று கூட்டம் நம்பியது.

தஞ்சைப் பண்ணைகளில் அந்தக் கோடு களத்துமேட்டில் கிடந்தது. அறுத்து, அடித்து, தூற்றிக் குவித்த நெல்லில் யாருக்கு எத்தனை மரக்கால் என்பது அங்கேதான் முடிவாகும். நட்டவரும் அறுத்தவரும் ஓரமாக நிற்க, குவியலில் பெரும்பகுதி மிராசுதார் வீட்டுக்கு வண்டி ஏறும். கேட்ட பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்த காலம் அது. 1940களில் பி. சீனிவாச ராவ் போன்றோர் விவசாயத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார்கள். அரசு அவர்களைக் குற்றவாளிகள் என்றது. கம்யூனிஸ்ட் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், 1950ல், வாட்டாக்குடி இரணியனையும் ஜாம்பவானோடை சிவராமனையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. இரண்டே ஆண்டில், 1952ல், தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவர்கள் கேட்டதில் ஒரு பகுதி சட்டமே ஆனது. இவர்களைக் கொள்ளையரோடு ஒரே வரிசையில் நிறுத்துவது பெரும் பிழை. ஆனாலும் ஊர் மனதுக்கு ஒரு பாடம் ஆழமாகப் பதிந்தது: அரசாங்கம் யாரைக் குற்றவாளி என்கிறதோ, அவர் நல்லவராகவும் இருக்கலாம்.

அந்தப் பாடத்தை இன்னும் ஆழமாகக் குத்தியது கீழவெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில், 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த தலித் மக்கள் 44 பேர், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, தீ வைத்துக் கொல்லப்பட்டார்கள். கீழ்க்கோர்ட் தண்டித்த நிலக்கிழார்களை 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலபுலன் உள்ள, கார் வைத்திருக்கிற மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. ஒருவரிடம் ஒரு நல்ல அம்சத்தைப் பார்த்ததும் மற்ற எல்லாமே நல்லதாகத் தெரிவதை உளவியலில் ஒளிவட்ட விளைவு என்பார்கள். பணமும் அந்தஸ்தும் அப்படி ஒளிவட்டம் சூட்டும். கொள்ளையனை வீரனாகப் பார்க்கும் கண்ணும் பணக்காரரைக் குற்றமற்றவராகப் பார்க்கும் கண்ணும் ஒன்றுதான். ஆளைப் பார்க்கிறது, சாட்சியத்தைப் பார்க்கவில்லை.

விடுவிக்கப்பட்டவர்களில் ஒருவரான இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு 1980ல் வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்களை மனதுக்குள் வாழ்த்தியவர்கள் டெல்டாவில் ஏராளம். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. கோர்ட்டில் கிடைக்க வேண்டியது கிடைக்காதபோது மனிதர்கள் அதை வேறிடத்தில் தேடுவார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். தண்டனையைக் கண்டு மகிழும் அந்த மூளைப் பகுதி, தண்டிப்பவர் கையில் சட்டப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்பதில்லை.

உழைப்பும் உதவியும்

இனி அந்த இரண்டாவது கோபத்துக்கு வருவோம்.

டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் லெனே ஓரோ, மைக்கேல் பீட்டர்சன் என்ற இருவர் செய்து 2014ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அரசு உதவி விஷயத்தில் இந்த இரு நாட்டு மக்களும் எதிர் எதிர்த் துருவம் என்பது பொதுக் கருத்து. டென்மார்க்காரர்கள் தாராளம்; அமெரிக்கர்கள் கறார். உதவி பெறும் ஒருவரைப் பற்றி வேறு விவரம் எதுவும் சொல்லாமல் கேட்டபோது அப்படித்தான் பதில் வந்தது. பிறகு, இவர் நன்றாக உழைத்தவர், வேலையில் அடிபட்டுவிட்டார் என்று சொன்னார்கள். இரு நாட்டாரும் உதவலாம் என்றார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, வேலைக்குப் போக மனமில்லை என்று சொன்னார்கள். இரு நாட்டாரும் கூடாது என்றார்கள். ஒன்றிரண்டு வாக்கியத்தில் இரு தேசங்களின் அரசியல் வித்தியாசமே காணாமல் போயிற்று. உதவி என்றதும் மனிதமனம் கேட்கும் முதல் கேள்வி, இவருக்கு முடியவில்லையா, மனமில்லையா என்பதுதான். பதில் தெரியாதபோது அவரவர் நாட்டில் புழங்கும் பேச்சைக்கொண்டு அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்தில் அந்தப் பேச்சு நூறு நாள் வேலையைச் சுற்றிவருகிறது. 2006 பிப்ரவரியில் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட 6 மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. தஞ்சாவூரும் திருவாரூரும் அடுத்த ஆண்டு சேர்ந்தன. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பல தலைமுறையாக நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கிய பெண்களுக்கு அது புதிது.

‘நூறு நாள் வேலையால நடவுக்கு ஆள் கிடைக்கல’ என்பது விவசாயிகளின் குறை. அது வெறும் சாக்கு கிடையாது. ஒரே வாரத்தில் ஊர் முழுக்க நடவு விழும்போது ஆள் தேடி அலைந்தவருக்குத்தான் அந்த வேதனை தெரியும். ஆனால் டெல்டாவின் வேலை நாட்காட்டியைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். ஜூன் 12ல் மேட்டூர் திறந்தால் குறுவை; பிறகு சம்பா, தாளடி. நடவிலும் களையிலும் சில வாரம் ஆள் பற்றாக்குறை. மற்ற மாதங்களில் வேலையே கிடையாது. முன்பு குடும்பத்தோடு அறுவடைக்கு இறங்கி நெல்லாகக் கூலி பெற்று வந்தார்கள். அந்த வேலையைப் பெல்ட் மிஷினும் டயர் மிஷினும் எடுத்துக்கொண்டன. கடைமடையில் நேரடி விதைப்பு பரவியதில் நடவும் குறைந்தது. படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். சில ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வந்து நட்டுக் கொடுக்கிறார்கள். ஆள் குறைந்ததற்கு இத்தனை காரணம் இருக்க, வரப்போரத்தில் மரநிழலில் உட்கார்ந்திருக்கும் நாலு பெண்கள்தான் கண்ணில் படுகிறார்கள். அவர்களுக்கு முகம் இருக்கிறது. மிஷினைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் இருவரும் இந்தியா முழுவதுமான தகவல்களை ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். திட்டம் முதலில் வந்த மாவட்டங்களில், விவசாய வேலை குறைந்த மாதங்களில், தனியார் கூலி 5 சதவீதத்தை ஒட்டி உயர்ந்திருந்தது. தனியாரிடம் செய்த வேலை கொஞ்சம் குறைந்தது. விவசாயிகள் உணர்ந்தது நிஜம்தான். ஆனால் வேலைக்காரர் சோம்பேறி ஆகவில்லை. பேரம் பேசும் பலம் பெற்றார். அரைப்படி நெல்லுக்காக உயிரைக் கொடுக்க வேண்டியிருந்த மண்ணில், வேறு ஒரு வேலை இருக்கிறது என்ற தைரியத்திலேயே கூலி ஏறியது சின்ன விஷயமா?

சும்மா பணம் கொடுத்தால் உழைப்பு குறையுமா என்பதையும் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் 6 வளரும் நாடுகளில் நடந்த 7 அரசு உதவித்தொகைத் திட்டங்களின் தகவல்களை 2017ல் மறுபடி அலசினார்கள். உதவி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய திட்டங்கள் அவை. பணம் வாங்கியவர்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள் என்பதற்கு ஆதாரமே அகப்படவில்லை. ஆண்களிடமும் இல்லை, பெண்களிடமும் இல்லை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அன்று முதல் டெல்டாவின் இளைஞர்கள் எத்தனை ஆயிரம் பேர் வெளியூருக்கும் வளைகுடாவுக்கும் வேலை தேடிப் போயிருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். வீட்டில் அரிசி இருக்கிறது என்ற நிம்மதி அவர்களைத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2021ல் தமிழ்நாடு அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. புயலிலும் வறட்சியிலும் சிக்கும் விவசாயத்துக்கு இவை தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடன் தள்ளுபடி வாங்கிய கையைச் சோம்பேறிக் கை என்று யாரும் சொல்வதில்லை. ரேஷன் பை பிடித்த கையைச் சொல்கிறார்கள். தனக்கு வந்த கஷ்டத்துக்குச் சூழ்நிலையும், பிறர் கஷ்டத்துக்கு அவர் குணமும் காரணம் என்று நினைப்பது மனித இயல்பு. இதில் பிறர் சூழ்நிலையை மறந்து குணத்தையே காரணமாக்கும் பிழைக்கு, உளவியலாளர் லீ ராஸ் 1977ல் அடிப்படைக் கற்பிதப் பிழை என்று பெயர் வைத்தார். நமக்கு வந்தால் உரிமை, அடுத்தவருக்குப் போனால் ஓசி என்ற பேச்சு அதிலிருந்து பிறக்கிறது.

கணக்கைக் கேளுங்கள்

நியாய உணர்ச்சி கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் வெண்மணியைப் பற்றி இன்றைக்கு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்த சின்னக் கூட்டங்களில் வளர்ந்த உணர்ச்சி அது. ஆளைத் தெரிந்த இடத்தில், அவர் நோக்கத்தையும் உழைப்பையும் கண்ணால் பார்த்த இடத்தில், சரியாகவே எடைபோடும். கோடிக்கணக்கானவர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரு மாநிலத்தில், செல்போன் திரையில் வந்துபோகும் முகங்களை வைத்து எடைபோடும்போதுதான் தடுமாறுகிறது.

இன்றைக்கு ரவுடிகளின் படத்துக்குப் பாட்டுப் போட்டு ரீல்ஸ் விடும் பையன்களை வெறும் அறிவுரையால் திருத்த முடியாது. அவர்கள் தேடுவது, யாருக்கும் பயப்படாத, தன்னைத் தட்டிக்கேட்க வந்தவனைத் திருப்பிக் கேட்கிற ஒருவனை. நாணயமான கூலியும், காலத்தில் வரும் தீர்ப்பும், ஏழை போனாலும் புகாரை வாங்கிக்கொள்ளும் போலீஸ் ஸ்டேஷனும் இருக்கிற ஊரில் அந்தத் தேடலுக்கு வேலை குறையும். சட்டத்தால் கிடைக்கும் நியாயம் கண்ணுக்குத் தெரிந்தால், கத்தியால் கிடைக்கும் நியாயத்தைக் கொண்டாட ஆள் இருக்காது.

நம் ஒவ்வொருவராலும் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இனி யாராவது ஒரு கொள்ளைக்காரனின் வீரத்தைச் சொன்னால், அவனிடம் பறிகொடுத்தவர் பெயரென்ன என்று கேளுங்கள். ரேஷன் வாங்குபவரைச் சோம்பேறி என்றால், அவர் ஆண்டில் எத்தனை நாள் வேலைக்குப் போகிறார், அந்த வேலைக்கு என்ன கூலி என்று கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் கோபம் வந்தால், அந்தக் கோபத்துக்கு மதிப்பு உண்டு.